எஸ்போசிட்டோ ஆக்களை விசாரித்த கதை

என் மகள் ஓர் இத்தாலியப் பெடியனைக் கட்டப்போகிறேன் என்று சொன்ன அன்று எனக்குக் கோபம் வரவில்லை. வேறு தாய்மார் என்றால் கத்தியிருப்பார்கள், சாப்பிடாமல் கிடந்திருப்பார்கள். அடுப்பில் சோறு கொதித்துப் பானை மூடி தட்டிக்கொண்டிருந்தது. நான் அதை இறக்காமல் அப்படியே நின்றேன். ‘அப்பாடா, இவையள் எங்களை விசாரிக்க மாட்டினம்’ என்பதுதான் மனதில் ஓடியது.

இதைக் கொஞ்சம் விளங்கப்படுத்த வேண்டும். எங்கள் ஆட்களுக்குள் கலியாணம் பேசினால் முதலில் சாதகம் பார்ப்பார்கள். அது வெளிக்கு. உள்ளுக்குள் நடக்கிறது விசாரிப்பு. பெண் வீட்டார் எந்த ஊர், அந்த ஊரில் எந்தப் பக்கம், கோயிலுக்குக் கிழக்கோ மேற்கோ, பாட்டன் என்ன தொழில் செய்தவர் என்று ஆள் வைத்துக் கேட்பார்கள். லண்டனில் இருந்து கொழும்புக்கு ஒரு டெலிபோன் போகும், கொழும்பில் இருந்து ஊருக்கு யாராவது போவார்கள். சாதியை ஒருவரும் வாய் திறந்து கேட்க மாட்டார்கள். ‘ஊரிலை எந்தப் பக்கம்?’ என்று மட்டும் கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால் எல்லாம் சொன்ன மாதிரித்தான்.

எங்கள் அப்பா தலைமயிர் வெட்டுகிறவர். கடை வைத்திருக்கவில்லை. வீடு வீடாகப் போவார், முன்வாசலால் இல்லை, பின்வளவால் போவார். கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் அவருக்கு வேலை இருந்தது, இருக்கிறதுக்குக் கதிரை இருக்கவில்லை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அம்மாவுக்கு ஏலாமல் போனது அதற்கு ஒரு காரணம். வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் இருக்க ஒரு பிள்ளையும் வராதது மற்றது. இரண்டாவதை நான் வீட்டில் சொல்லவில்லை.

அண்ணை அப்படியில்லை. படித்தவர், லண்டனுக்கு முதலில் வந்தவர். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு என்னையும் என் கணவர் இவரையும், கையில் பொம்மையோடு நின்ற மகளையும் இங்கே கூப்பிட்டு எடுத்தவரும் அவர்தான். லூயிஷாமில் அவருடைய வீட்டு முன்னறையில் கன காலம் இருந்துவிட்டுத்தான் குட்மேய்ஸுக்கு வந்தோம். மகளுக்குச் சைக்கிள் பழக்கியது அண்ணை, கணக்குச் சொல்லிக் கொடுத்தது அண்ணை. அவர் கவுன்சிலில் நல்ல வேலை பார்த்தார். எங்கள் ஊர் எது என்று யாராவது கேட்டால் பக்கத்து ஊரைச் சொல்லுவார். சில வேளை “யாழ்ப்பாண டவுன்தான்” என்று சொல்லிவிட்டுக் கதையை மாற்றிவிடுவார். எந்த வீட்டில் எந்த ஊரைச் சொன்னார் என்று எனக்கு எப்பவும் பயம். கோயிலில் யாராவது என் கிட்ட வந்தால், செருப்பைத் தேடுகிற மாதிரிக் குனிந்துவிடுவேன்.

மகளுக்கு முதலில் ரெய்னர்ஸ் லேன் பக்கம் ஒரு சம்பந்தம் வந்தது. படம் பிடித்துக்கொண்டது, சாதகம் பொருந்தியது, பெடியனின் தாய் எனக்கு டெலிபோன் எடுத்துப் புட்டுக்கு மா வறுக்கிற பக்குவம் வரைக்கும் கதைத்தார். பிறகு அந்த டெலிபோன் அடிக்கவில்லை. கடைசியில், நடுவில் நின்ற ஆள் வந்து, “திரும்பப் பார்க்கேக்கை சாதகம் பொருந்தேல்லையாம்” என்றார். பொருந்தின சாதகம் எப்படிப் பொருந்தாமல் போகும்? நான் கேட்கவில்லை. மகள் தோளைக் குலுக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அவளுக்கு நாங்கள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அம்மப்பா ஊரில் வேலை செய்தவர் என்று மட்டும் தெரியும்.

ஆகவே இத்தாலியன் என்றதும் எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. இவருக்கும் அப்படித்தான். இவர் பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் முடித்து வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே இருந்து கேட்டார்.

“பெடியன் வேலை செய்யிறானோ?”

“ஓம். அவளோடை தான், அதே பாங்கிலை.”

“குடிப்பானோ?”

“எனக்கென்னண்டு தெரியும்?”

“அப்ப எங்கடை பெடியங்கள் மாதிரித்தான். பிறகென்ன, செய்து வையும்.”

அண்ணைதான் ஒத்துக்கொள்ளவில்லை. இத்தாலியன் என்பதற்காக இல்லை. அதை அவர் ஒரு நாள் முகம் சுழித்து, மறுநாள் விழுங்கிவிட்டார். அவருடைய கேள்வி வேறு.

“ஆக்களை விசாரிச்சாச்சோ?”

“அண்ணை, அவையள் இத்தாலி ஆக்கள். அவையளை என்னத்தை விசாரிக்கிறது?”

“எந்த நாடெண்டால் என்ன? ஒரு குடும்பம் எண்டால் ஒரு அடி இருக்கும். அது நல்லதோ கூடாததோ எண்டு பார்க்காமல் எங்கடை பிள்ளையைத் தூக்கிக் குடுக்கிறதோ? விசாரிச்சு எனக்கு மனம் திருப்திப்பட்டால்தான் நான் மணவறையிலை நிப்பன். இல்லாட்டி வேறை தாய்மாமனைப் பாருங்கோ.”

வேறு தாய்மாமனுக்கு நான் எங்கே போவேன்? எனக்கு இருக்கிறது ஒரு அண்ணை. மகளும் சொல்லிவிட்டாள், மாமா நிற்காவிட்டால் தாலியும் வேண்டாம், கலியாண ஹோலும் வேண்டாம், ரெண்டு பேருமாய் ரிஜிஸ்டர் ஒபிசுக்குப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வருகிறோம் என்று. அவள் அதைக் கோபத்தில் சொல்லவில்லை, கவலையில் சொன்னாள். அதுதான் எனக்குக் கூடப் பயம். கோபம் என்றால் ஆறும்.

எங்களை விசாரித்து வேண்டாம் என்று விட்ட சனத்தின் பழக்கத்தை அண்ணை எப்படி இவ்வளவு இறுக்கமாகப் பிடித்து வைத்திருந்தார் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். அடி வாங்கினவனுக்குத்தான் தடியின் நீளம் வடிவாகத் தெரியும் போல.

இத்தாலிக்குக் கீழே தீவில் இருக்கிற பலெர்மோவில் அண்ணையின் பள்ளிக்கூடச் சிநேகிதர் ஒருவர் இருந்தார். அங்கே ஒரு வயது போன அம்மாவைப் பார்க்கிற வேலை, இத்தாலி பாஷை தண்ணீர் மாதிரி. பெடியனின் தகப்பன் பிறந்தது நேப்பிள்ஸுக்குப் பின்னால், நெருப்பு மலைக்குக் கீழே ஒரு சின்ன டவுன் என்று மகள் எப்பவோ என்னிடம் சொல்லியிருந்தாள். குடும்பப் பெயர் எஸ்போசிட்டோ. இந்த இரண்டையும் அண்ணை என்னிடம் கேட்டு வாங்கி, சிநேகிதருக்குச் சொன்னார். மகளுக்குச் சொல்ல வேண்டாம் என்றார். நானும் சொல்லவில்லை.

அந்த மனுசன் லீவு எடுத்து, கப்பல் ஏறி, ரயில் பிடித்து அந்த டவுனுக்குப் போனார். போய், ஊரில் என்ன முறையில் விசாரிப்பார்களோ அதே முறையில் விசாரித்தார். முதலில் தேத்தண்ணிக் கடை, பிறகு கோயில், பிறகு பக்கத்து வளவு. அங்கே தேத்தண்ணிக் கடை இல்லை, கோப்பிக் கடை. கையில் குடையோடு போய் நின்று, “இஞ்சை எஸ்போசிட்டோ ஆக்கள் எப்பிடி?” என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர், “எந்த எஸ்போசிட்டோ? நான் எஸ்போசிட்டோ. அந்தா காட்ஸ் விளையாடுறவன் எஸ்போசிட்டோ. பாதிரியாரின்ரை தாய் எஸ்போசிட்டோ. நீ ஆர்?” என்றாராம்.

சனிக்கிழமை பின்னேரம் அண்ணை எங்கள் வீட்டில் இருந்தபோது சிநேகிதருடைய டெலிபோன் கோல் வந்தது. அண்ணை ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்டுக் கேட்டு, எங்களுக்கும் திருப்பிச் சொன்னார். குடும்பம் நல்ல குடும்பம், சண்டை சச்சரவு இல்லை, லண்டனுக்குப் போனவர் மரியாதையான ஆள். அதுவரைக்கும் எனக்கு மூச்சு வந்தது. பிறகு அண்ணையின் முகம் மாறியது.

“என்ன? ... திருப்பிச் சொல்லும். ... பாதிரியாரோ சொன்னவர்?”

ரிசீவரை மெல்ல வைத்தார். பிறகு சொன்னார், அந்தப் பெயர் ஒரு ஊரின் பெயரோ தொழிலின் பெயரோ இல்லையாம். ‘வெளியே வைக்கப்பட்டது’ என்பதுதான் அதன் கருத்து. நேப்பிள்ஸில் பெத்த பிள்ளையை வளர்க்க ஏலாத சனம் பிள்ளையைக் கோயிலடியில் விட்டுவிட்டுப் போகுமாம். அப்படி விட்ட பிள்ளைகளுக்கெல்லாம் கோயிலில் வைத்த பெயர் அதுதான். இந்தப் பெயர்க்காரரில் கனபேருடைய முதல் ஆள் அப்படி ஒரு அநாதைப் பிள்ளை.

“விளங்குதோ பிள்ளை? ஆரின்ரை பிள்ளை எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அடியும் இல்லை, நுனியும் இல்லை. இதுக்குள்ளை எங்கடை பிள்ளையைக் குடுக்கிறதோ?”

இவர் கட்டிலில் படுத்தபடியே, “அண்ணை, அது எப்பத்தைய கதை?” என்று உள்ளே இருந்து கேட்டார்.

“எப்பவெண்டால் என்ன மச்சான்? பெயர் இப்பவும் இருக்குதெல்லே!”

எங்களுக்குப் பெயர் இல்லாமலே எல்லாரும் கண்டுபிடித்தார்கள். இவர்களுக்குப் பெயரிலேயே எழுதியிருக்கிறது. நான் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். திரும்பி வர அண்ணை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நின்றார்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஒரு டவுனுக்குள் முன்பின் தெரியாத கறுத்த மனுசன் ஒருவர் குடையோடு வந்து, ஒரு குடும்பத்தின் பாட்டன் பூட்டனை விசாரித்தால் அந்த டவுன் சும்மா இருக்குமா? பெடியனின் அத்தை அங்கேயிருந்து லண்டனுக்குக் கோல் எடுத்து அழுதிருக்கிறார். வேலை முடிந்து வந்த மகள் கோட்டைக் கழற்றவில்லை.

“அம்மா, ஆரோ ஒரு ப்ரவுண் ஆள் அவையின்ரை ஊருக்குப் போய் என்கொயரி நடத்தினதாம். நீங்கள் இல்லையெண்டு சொல்லுங்கோ. ப்ளீஸ்.”

நான் நிலம் துடைத்த துணியை வாளிக்குள் பிழிந்துகொண்டு நின்றேன்.

“ஓ மை கோட். மாமாவோ?”

“மாமா உன்ரை நன்மைக்குத்தான்...”

“அவரின்ரை அப்பா ஞாயிற்றுக்கிழமை இஞ்சை வாறாராம். தனிய. மாமாவையும் நிக்கச் சொல்லுங்கோ.”

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எனக்கு நித்திரை இல்லை. நான் வேலை செய்த சாண்ட்விச் பக்டறியில் முட்டைக்கும் கோழிக்கும் லேபிளை மாற்றி ஒட்டி சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினேன். அந்த மனுசன் வந்து சத்தம் போடுவார், மகள் அவமானப்படுவாள், அண்ணை எழும்பிப் போவார், அதோடு எல்லாம் முடியும் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வடை சுட்டேன். சண்டைக்கு வருகிறவருக்கு வடை குடுக்கிறதோ என்று யோசித்து, பிறகு பிஸ்கட்டையும் எடுத்து வைத்தேன்.

கதவைத் திறந்தால், கட்டையான ஒரு மனுசன். இறுக்கமான கோட்டு, மண் ஏறின தடித்த விரல்கள், கையில் ஒரு காட்போர்ட் பெட்டி நிறைய வெள்ளரிக்காய். லண்டனுக்கு வடக்கே கண்ணாடிக் கூடங்களில் வெள்ளரிக்காயும் தக்காளியும் வளர்க்கிற வேலை அவருக்கு. பெட்டியை என் கையில் தந்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றவோ என்று சைகையால் கேட்டார். அவருடைய நெற்றியெல்லாம் வேர்வை. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அந்த மனுசனும் நித்திரை கொள்ளாமல்தான் வந்திருக்கிறார்.

அண்ணை டை கட்டிக்கொண்டு சோபாவில் இருந்தார். இவர் நைட் ஷிப்ட் முடிந்து படுத்தவர், ஆள் வந்ததை மறந்து இடுப்பில் கட்டின சாரத்தோடு வந்து, பார்த்துவிட்டு, திரும்ப ஓட வெட்கப்பட்டு அப்படியே இருந்துவிட்டார். மகள் வாசலடியில் நின்றாள். அந்த மனுசனின் இங்கிலீஷும் என்னுடையதும் ஏறக்குறைய ஒரே தரம். அதனால் எனக்கு முக்கால்வாசி விளங்கியது, மிச்சத்தை மகள் சொன்னாள்.

“என்ரை அக்கா ஒரு கிழமையா கோயிலிலை மெழுகுதிரி கொளுத்துறா,” என்றார் அவர். “நான் லண்டனிலை ஏதோ கள்ளக் கூட்டத்தோடை சேர்ந்திட்டன் எண்டு நினைக்கிறா. எனக்கு விளங்கிட்டுது. நீங்கள்தான் ஆள் அனுப்பினது, என்ன?”

அண்ணை தொண்டையைச் செருமினார். “எங்கடை வழக்கம் அப்பிடி.”

“எங்கடை வழக்கமும் அப்பிடித்தான். ஆனால் நாங்கள் ஆளுக்குக் குடை குடுத்து அனுப்புறேல்லை. அவ்வளவு வெயில், எல்லாருக்கும் அந்தக் குடைதான் சந்தேகம்.”

இவர் சிரித்துவிட்டார். அண்ணை சிரிக்கவில்லை.

“அந்தாள் என்ன சொன்னவர்?” என்று வந்த மனுசன் கேட்டார். “பெயரைப் பற்றிச் சொல்லியிருப்பார்.”

அவர் வடையை எடுத்தார், கடிக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டே கதையைத் தொடங்கினார்.

நேப்பிள்ஸில் ஒரு பெரிய கோயில், அதன் மதிலில் ஒரு ஓட்டை, ஓட்டைக்குள் மரத்தில் செய்த ஒரு உருளை. வெளியே நிற்கிற தாய் பிள்ளையை அதற்குள் வைத்துச் சுற்றிவிட்டால் பிள்ளை உள்ளே போய்விடும். உள்ளே இருக்கிற கன்னியாஸ்திரிக்குத் தாயின் முகம் தெரியாது. பிள்ளையைக் கழுவி, பெயர் வைத்து, பால் குடுக்க ஆள் பிடிப்பார்கள். பெயருக்குப் பின்னால் எஸ்போசிட்டோ. பிறகு ஒரு ராசா வந்து, பிள்ளைகளுக்கு இப்படி ஒரு பெயரை வைத்துக் குறிசுட வேண்டாம் என்று சட்டம் போட்டாராம். ஆனால் அதற்குள் நாடு முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது.

“உங்கடை ஆக்கள் ஏன் அதை மாத்தேல்லை?” என்று அண்ணை கேட்டார். அவர் குரலில் இருந்தது குற்றச்சாட்டு இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

“என்ரை பாட்டனிட்டைக் கேட்டவை. மாத்துறதெண்டால் அரசாங்கக் கந்தோருக்குப் போய் நிக்கவேணும், ஒரு நாள் வேலை கெட்டுப்போம் எண்டு விட்டிட்டார்.”

வீட்டில் ஒரு கதை உண்டாம், முதல் பிள்ளையின் கழுத்தில் பாதியாய் வெட்டின ஒரு மாதா பதக்கம் கிடந்ததாம், மற்றப் பாதி தாயிடமாம், ஒரு நாள் வந்து பொருத்திப் பார்த்துக் கூட்டிப்போக. “எல்லா எஸ்போசிட்டோ வீட்டிலையும் இந்தக் கதை இருக்கு,” என்றார். “எல்லாம் உண்மையெண்டால் நேப்பிள்ஸிலை முழுப் பதக்கம் ஒண்டும் மிஞ்சியிராது.”

இன்னொன்றும் சொன்னார். பால் குடுக்க ஆள் வேண்டும் என்று கோயிலில் கேட்டால், சில வேளை முதல் நாள் பிள்ளையை உருளையில் வைத்த தாயே அடுத்த நாள் வந்து வரிசையில் நிற்பாளாம். தன்னுடைய பிள்ளையே தன் கையில் வரட்டும் என்று. அவர் இதைச் சும்மா ஒரு தகவல் மாதிரித்தான் சொன்னார். எனக்குக் கண் கலங்கி, குசினிக்குள் போய்க் கேத்திலைத் திரும்ப வைத்தேன். ‘விட்டுவிட்டுப் போன சனம்’ என்று ஒரு கிழமையாய் நான் நினைத்தது எவ்வளவு பிழை.

திரும்பி வர அவர் தன் கலியாணக் கதையில் நின்றார். பள்ளிக்கூடத்தில் அவரைக் கண்டால் மற்றப் பெடியங்கள் விரலை ஆகாயத்தில் சுற்றிக் காட்டுவார்களாம், உருளை மாதிரி. பெண் கேட்டுப் போனபோது மாமனார் அவரையும் ஆள் வைத்து விசாரித்தார். போன ஆள் திரும்பி வந்து, “தோண்டித் தோண்டிப் பார்த்தன், ஒண்டுமில்லை” என்றானாம். மாமனார், “அப்ப பாம்பும் இல்லை” என்று சொல்லிப் பெண்ணைக் குடுத்துவிட்டார்.

“லண்டனுக்கு வந்த பிறகு எனக்கு நிம்மதி,” என்றார். “இஞ்சை இந்தப் பெயரை ஒருத்தருக்கும் சரியா எழுதத் தெரியாது. ஆனால் கருத்தும் தெரியாது. போன கிழமை அக்கா கோல் எடுக்கேக்கை எனக்கு நெஞ்சு இடிச்சுது. இவையள் கண்டுபிடிச்சிட்டினம், இனி என்ரை மகனுக்குப் பெண் தரமாட்டினம் எண்டு. அதுதான் நானே வந்து சொல்லுவம் எண்டு வந்தனான்.”

பிறகு வடையைக் கடித்தார். உறைப்பில் கண் விரிந்தது, ஆனாலும் விழுங்கினார். தண்ணீர் குடித்துவிட்டு, மிகவும் மரியாதையாய், அண்ணையைப் பார்த்துக் கேட்டார்:

“இனி நீங்கள் சொல்லுங்கோ. உங்கடை ஆக்கள் எந்தப் பக்கம்? தகப்பனார் என்ன செய்தவர்?”

வாழ்நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி ஓடின கேள்வியை ஒரு மனுசன் வெள்ளரிக்காய்ப் பெட்டியோடு வந்து, ஒரு சூதும் இல்லாமல், என் முன்னறையில் இருந்து கேட்கிறார். அண்ணை டையைத் தொட்டார்.

“நாங்கள் வந்து... யாழ்ப்பாண டவுனுக்குக் கிட்ட...”

“மை ஃபாதர் கட் ஹேர்,” என்றேன் நான்.

எனக்குத் துணிவு வந்தது என்று சொன்னால் பொய். பயத்தில்தான் சொன்னேன். அண்ணை அன்றைக்கு ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால், அதை இனி இன்னொரு வீட்டிலும் காவிக்கொண்டு திரிய வேண்டும். நல்ல நாள் கெட்ட நாளுக்கெல்லாம் போய்வரப் போகிற வீடு. எந்த வீட்டில் எந்த ஊர் என்று நினைவு வைத்திருக்க எனக்கு ஏலாது, எட்டாம் வகுப்போடு நின்ற மண்டை இது. எல்லாவற்றையும் சொன்னேன். வீடு வீடாகப் போனார், பின்வளவால் போனார், வெளியே நிலத்தில் இருந்தார். எங்கள் ஊரில் அந்தத் தொழில் செய்தால் உள்ளே எடுக்க மாட்டார்கள், பெண் எடுக்க மாட்டார்கள், அதனால்தான் சொல்லுகிறதில்லை. என் இங்கிலீஷ் உடைந்து உடைந்து வந்தது. மகளைத் திரும்பிப் பார்த்தேன், நீ இங்கிலீஷில் சொல்லு என்று. அவள் சொல்லவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த மனுசன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் நிறுத்தின பிறகும் கொஞ்ச நேரம் முன்னுக்குக் குனிந்தபடியே இருந்தார். மிச்சத்துக்காகக் காத்திருக்கிறார் என்று எனக்கு மெல்லத்தான் விளங்கியது. ஏதோ பெரிதாக வரப்போகிறது, கொலையோ களவோ, என்று அந்த மனுசன் மனதைத் திடப்படுத்திக்கொண்டிருந்தார். மிச்சம் இருக்கவில்லை.

“அவ்வளவுதானோ?” என்றார்.

“அவ்வளவுதான்,” என்றேன்.

அவர் பின்னுக்குச் சாய்ந்து பெரிய மூச்சு ஒன்றை விட்டார். மார்பில் கை வைத்து ஏதோ தன் பாஷையில் சொன்னார். பிறகு, “இன்னொரு தேத்தண்ணி தருவியளோ?” என்று கேட்டார்.

நான் அப்பாவுக்காக அழுததும் சிரித்ததும் பிறகு. அந்த நேரத்தில், முதுகில் இருந்து ஒரு மூட்டையை யாரோ சொல்லாமல் இறக்கின மாதிரி, தோள் இரண்டும் விறைத்துப்போய் நின்றேன்.

மகள்தான் முதலில் வாய் திறந்தாள்.

“அம்மப்பா பார்பரோ? எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே.” கொஞ்சம் யோசித்தாள். “நில்லுங்கோ. அதுக்கோ அந்த ரெய்னர்ஸ் லேன் ஆக்கள் விட்டவை? இதுக்கோ?”

அண்ணை நிலத்தைப் பார்த்தார்.

“எண்டால் நல்லது,” என்றாள் மகள். “அந்தப் பெடியனுக்குத் தலையிலை மயிரே இல்லை. அம்மப்பாவுக்கு வேலை இருந்திராது.”

இவர் சாரத்தை ஒதுக்கிக்கொண்டு சத்தமாய்ச் சிரித்தார். அந்த மனுசனுக்கு விளங்காவிட்டாலும் அவரும் சிரித்தார். அண்ணை எழும்பினார். அந்த மனுசனுக்குக் கை குடுத்தார், அதில் குறை இல்லை. ஆனால் வாசலில் சப்பாத்துப் போட்டபடி என்னிடம் தாழ்ந்த குரலில், “ஏன் சொன்னனி?” என்றார்.

“கேட்டவர் அண்ணை.”

“கேட்டால்?”

அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் ஸ்டேஷன் பக்கம் நடந்தார். கலியாணத்துக்கு நிற்பேன் என்றும் சொல்லவில்லை, நிற்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அந்தக் கிழமை நான் இரண்டு தரம் கோல் எடுத்தேன். அண்ணி எடுத்து, “குளிக்கிறார்” என்றார். இன்னொரு தரம், “இப்பதான் படுத்தவர்” என்றார். அண்ணை பின்னேரத்தில் படுக்கிற ஆள் இல்லை. எனக்கு ஒரு பக்கம் நெஞ்சு லேசு, மற்றப் பக்கம் கல்லு. மகளுக்குக் கிடைத்த நல்ல இடத்தை வாய் விட்டுக் காப்பாற்றினேன், அதே வாயால் அவளுடைய மாமனைத் துரத்திவிட்டேனோ என்று மாறி மாறி நினைத்தேன்.

பக்டறியில் பாண் துண்டுகளை அடுக்கிக்கொண்டு அந்தப் பெயரைப் பற்றியும் யோசித்தேன். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தகப்பன் பெயர் முன்னுக்கு நிற்கும், அடுத்த தலைமுறையில் அது விழுந்துவிடும். பாஸ்போட்டில் இவருடைய பெயரைக் கடைசியில் போட்டு, அதுதான் எங்கள் குடும்பப் பெயர் என்று வெள்ளைக்காரன் ஆக்கிவிட்டான். ஆனால் பெயர் விழுந்தாலும் ‘எந்தப் பக்கம்’ விழுகிறதில்லை, அது ஒட்டிக்கொண்டு கப்பல் ஏறி வரும். அந்த இத்தாலி ஆட்களுக்கோ பெயர் விழவே இல்லை, அதற்குப் பின்னால் போய்ப் பார்த்தால் ஒரு மதிலும் மர உருளையும்தான். அதற்கு அங்கால் ஒருவருக்கும் போக ஏலாது. என் மகளின் பிள்ளைகள் அந்தப் பெயரோடு இல்ஃபோர்ட்டிலோ எங்கேயோ பள்ளிக்கூடம் போவார்கள். எங்கள் ஆட்களில் யாராவது கிட்ட வந்து, “தம்பி, ஊரிலை எந்தப் பக்கம்?” என்று கேட்டால் அந்தப் பிள்ளை ‘எஸ்போசிட்டோ’ என்று சொல்லும். கேட்ட ஆள் வாயை மூடிக்கொண்டு போகவேண்டியதுதான். இதை நினைத்தபோது எனக்கு பக்டறியில் தனியே சிரிப்பு வந்தது. பக்கத்தில் நின்ற பிள்ளை, “அன்ரி, ஆர் யூ ஓகே?” என்றாள்.

சனிக்கிழமை காலமை டெலிபோன் அடித்தது. அண்ணை.

“பிள்ளை.”

“ஓம் அண்ணை.”

“அந்த மனுசன் ஆக்களுக்குச் சொல்லிப் போடுவரோ?”

“தெரியாது அண்ணை. மறைக்க வேணும் எண்டு அவருக்குத் தெரிஞ்சால்தானே மறைப்பார்.”

அவருடைய வீட்டு யன்னலுக்கு வெளியே ரயில் போகிறது எனக்குக் கேட்டது.

“அப்ப கலியாண வீட்டிலை ஆராவது என்னட்டைக் கேட்டால் நான் டவுன் எண்டு சொல்லேலாது.”

“ஏலாதுதான்.”

“ஹோலிலை அத்தனை சனம் இருக்கும்.”

“இருக்கும் அண்ணை.”

“ம்.” ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றுகிற சத்தம் கேட்டது. “அப்பா எனக்கு ஸ்கொலர்ஷிப் கிடைச்ச அண்டைக்கு என்ரை தலைமயிரை வெட்டிவிட்டவர். அவ்வளவு வடிவா ஒருத்தரும் பிறகு வெட்டேல்லை.” இதை அண்ணை என்னிடம் முன்பு சொன்னதே இல்லை. இன்னும் சொல்லட்டும் என்று ரிசீவரைக் காதோடு இறுக்கிப் பிடித்தேன். ஆனால் அவரே குரலை மாற்றிக்கொண்டார். கவுன்சில் குரல்.

“சரி. தலைப்பாகைக்குப் பெடியன்ரை தலை அளவு வேணும். இப்பவே கேட்டுச் சொல்லு. கடைசி நேரத்திலை வாங்கினால் காதுக்கு மேலை நிக்கும். மற்றது, உவையளுக்கு உறைப்பைக் குறைச்சுப் போடச் சொல்லவேணும், அந்தாள் வடையோடை பட்ட பாட்டைப் பார்த்தனிதானே. பூமாலைக்கு நான் சொல்லுறன். நீ அதுக்குள்ளை தலையை விட்டுக் குழப்பாதை.”

“நீங்கள் நிப்பியளோ அண்ணை?”

“தாய்மாமன் நிக்காமல் ஆர் நிக்கிறது? விசர்க் கதை கதையாதை.”

ரிசீவரை வைத்துவிட்டு மேலே பார்த்துக் கத்தினேன், உன்ரை ஆளின்ரை தலை அளவு என்ன என்று. மகள் மாடிப்படியில் வந்து நின்று, முதலில் விளங்காமல் பார்த்தாள். பிறகு விளங்கி, அப்படியே படியில் இருந்து முகத்தை மூடிக்கொண்டாள். அந்தக் கிழமை முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கியிருக்கவில்லை. குளிர்ப்பெட்டியைத் திறந்து, முதல் நாள் மிஞ்சின இடியப்பத்தைச் சூடாக்காமல், சொதி கூட இல்லாமல், நின்றபடியே கையால் பிய்த்துச் சாப்பிட்டேன்.